முகமறியாத் தாய்மாரின் மடல்கள்

நம் வட்டத்தில் உள்ளோர் பெரும்பாலோர், ஏதோ ஒரு நாளில் தம் முதற் கவிதையை முன்பின் அறியாத ஓர் இதழாசிரியருக்கு அனுப்பிவிட்டு, அஞ்சல்காரரின் மிதிவண்டி மணிக்குக் காத்திருந்தவர்களே. வீட்டில் உள்ளோர் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லியிருப்பர். அது போதவில்லை. பெற்றவரும் உற்றவரும் சொல்லும் பாராட்டில் அன்பு கலந்திருக்கிறது. ஆகவே அதனை எடை போட இயலுவதில்லை. நம்மை அறியாத ஒருவர் எழுதும் ஒற்றை வரிக்காக மனம் ஏங்கியது. இந்த ஏக்கத்தைக் கவிஞனிடத்தில் எவரும் குறையாகக் கருதுவதில்லை. அவன் வளர்ச்சியின் முதற்படி என்றே கொள்கிறோம்.

அதே ஏக்கம் ஒரு தாயிடத்தில் தோன்றும்போது மட்டும் உலகம் நகைக்கிறது. "பிள்ளை வளர்ப்பது எப்படி என்று ஊரைக் கேட்பதா? வீட்டுச் செய்தியை அயலாரிடம் சொல்வதா? நல்ல தாய் என்று பெயர் வாங்க இத்தனை ஆசையா?" என்பன போன்ற ஏளனச் சொற்களை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சிலர் இதனை இக்காலத்தின் நோய் என்றும் சொல்வர்.

இக்குற்றச்சாட்டு நியாயமானதா என்று பார்க்கும் எண்ணத்தில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழுதப்பெற்ற சில மடல் தொகுதிகளின் வரலாற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அம்மடல்களை எழுதியவர்கள் தாய்மார். பெற்றவர்கள் அவர்கள் ஒருபோதும் கண்டிராதவர்கள். கேட்கப்பட்டது என்ன, கிடைத்தது என்ன, அதனால் மாறியது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அரசுக்கு வந்த மடல்கள்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டாஃப்ட் 1912 ஏப்ரல் 9 அன்று கையொப்பமிட்ட சட்டம் ஒன்றால், குழந்தைகளின் நலனை ஆராய்வதற்கென்றே ஓர் அரசுச் செயலகம் பிறந்தது. லிலியன் வால்ட், ஃபிளாரன்ஸ் கெல்லி ஆகிய இரு சமூகப் பணியாளர்கள் ஏறக்குறையப் பத்தாண்டுகளாக வற்புறுத்திவந்ததன் பயன் அது. அதன் தலைவராக ஜூலியா லேத்ரொப் அமர்த்தப்பெற்றார். அந்நாட்டின் நடுவண் அரசுச் செயலகம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதற் பெண்மணி அவரே. பணியாளர் 15 பேர். ஆண்டு ஒதுக்கீடு 25,640 டாலர். ஒரு பெரு நாட்டின் குழந்தைகள் அனைவருக்கும் இது மிகச் சிறு தொகை என்று சொல்லவேண்டுவதில்லை.

செயலகம் முதலில் செய்த வேலை எண்ணுவது. பென்சில்வேனியா மாநிலத்து ஜான்ஸ்டவுன் என்னும் எஃகுத் தொழில் நகரில் 1911-ஆம் ஆண்டு பிறந்த குழந்தைகளைப் பற்றி வீடு வீடாகச் சென்று கேட்டறிந்தனர். அங்கே 1,000 குழந்தைகளுக்கு 134 பேர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்திருந்தனர். தந்தையின் ஊதியம் குறையக் குறையக் குழந்தைச் சாவு கூடியது என்பதும் தெரியவந்தது. இது சாதாரணச் செய்தி அன்று. அதுவரை குழந்தை இறந்தால் "தாய்க்கு வளர்க்கத் தெரியவில்லை" என்பதே பொதுப் பேச்சு. கணக்கெடுத்தபோது, குற்றத்தில் பெரும்பங்கு கூலிக்கும் குடிநீருக்கும் உரியது என்று தெரிந்தது.

ஆயினும் இந்த உண்மை ஆய்வேடுகளில் இருந்தது. வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தவை வேறு. கருவுற்ற பெண்களுக்கான கையேடு 1913-இலும், கைக்குழந்தை வளர்ப்புக்கான கையேடு 1914-இலும் வெளிவந்தன. இரண்டையும் எழுதியவர் மேரி மில்ஸ் வெஸ்ட், ஐந்து குழந்தைகளுக்குத் தாய், கணவரை இழந்தவர். இரண்டாம் கையேடு 1921-க்குள் ஏறக்குறைய 15 இலட்சம் படிகள் வழங்கப்பெற்றது. கையேடு போன வழியே மடல்கள் திரும்பி வந்தன. ஓராண்டில் 1,25,000 மடல்கள் வரை வந்த காலமும் உண்டு. அவற்றுள் தேர்ந்தவற்றை மாலி லாட்-டெய்லர் என்னும் வரலாற்றாசிரியர் 1986-இல் நூலாகத் தொகுத்தார்.

பண்ணை வீடுகளிலிருந்தும், சுரங்க ஊர்களிலிருந்தும், நகரத்து மாடி அறைகளிலிருந்தும் அவை எழுதப்பெற்றன. பல் முளைக்கும் காலத்துக் காய்ச்சல், பசும்பாலில் எவ்வளவு நீர் சேர்ப்பது, இரவெல்லாம் அழும் குழந்தையைத் தூக்கலாமா என்று கேள்விகள் சின்னஞ்சிறியவையாக இருக்கும். அவற்றின் அடியில், "நான் தவறு செய்துவிட்டேனோ?" என்ற பெரிய கேள்வி கிடக்கும். பாலின் அளவைப் பற்றி மட்டும் அறிய விரும்பிய ஒருத்திக்கு நான்கு பக்க மடல் தேவையில்லை.

1916-இல் வயோமிங் மாநிலத்திலிருந்து வந்த மடல் ஒன்று வரலாற்றாசிரியர்களால் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. எழுதியவள் மூன்றாம் பேற்றை எதிர்நோக்கியிருந்தாள். மருத்துவர் இருந்தது 65 மைல் தொலைவில். முன்னிரு பேறுகளிலும் குழந்தைகள் மிகப் பெரியனவாகப் பிறந்து அவளுடலை வருத்தியிருந்தன. வரப்போவதை எண்ணி நடுங்குவதாக அவள் எழுதினாள். லேத்ரொப் இதனைக் கோப்பில் போட்டு மூடிவிடவில்லை. தாமே மறுமொழி எழுதினார். மணம் புரியாத, பிள்ளை பெறாத அப்பெண்மணிக்கு, ஆயிரம் கல்லுக்கு அப்பாலிருந்த ஒருத்தியின் அச்சம் புரிந்தது. இவ்வகை மடல்கள் தந்த தூண்டுதலும் சேர்ந்தே, தாய்சேய் நலனுக்கு நடுவண் அரசு நிதி வழங்கும் ஷெப்பர்டு-டவுனர் சட்டம் 1921-இல் நிறைவேறியது. அது 1929 வரை நடப்பில் இருந்தது.

இவ்வளவு நன்மை செய்த செயலகத்தின் கையேடு என்ன கற்பித்தது என்பதையும் சொல்லவேண்டும். 1914-ஆம் ஆண்டுப் பதிப்பு, குழந்தைக்குக் கடிகாரம் பார்த்தே பாலூட்டச் சொன்னது. பசியோ நோயோ இல்லாமல் அழுதால் எடுக்கலாகாது என்றது. எடுத்தால் அது வீட்டை ஆளும் கொடுங்கோலனாகிவிடும் என்று எச்சரித்தது. குழந்தையோடு விளையாடுவதும் அதன் நரம்புகளுக்குக் கேடு என்றது. விரல் சூப்பும் குழந்தைக்குச் சட்டைக் கையை விரல்களுக்கு மேல் இழுத்துத் தைத்துவிடச் சொன்னது.

1942-ஆம் ஆண்டளவில் அதே கையேட்டின் புதிய பதிப்பில் காற்று திசை மாறிவிட்டது. விரல் சூப்புதல் கேடற்ற செயலாயிற்று. குழந்தையோடு விளையாடுதல் தாயின் கடமைகளுள் ஒன்றாயிற்று. இந்தத் தலைகீழ் மாற்றத்தை மார்த்தா வுல்ஃபென்ஸ்டைன் என்னும் உளவியல் அறிஞர் 1951-இல் ஆராய்ந்து எழுதினார். நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது நூலை அன்று, பெண்ணை. 1914-இல் அரசின் சொல்லை நம்பிக் கைகளைக் கட்டிக்கொண்டு, அழும் மகளைத் தூக்காமல் கதவுக்கு வெளியே நின்ற ஒருத்தி, 1942-இல் அதே மகள் தன் குழந்தையை மார்போடு அணைத்திருக்கக் கண்டிருப்பாள். அவள் செய்தது சரி என்று சான்று தந்த அரசே, இப்போது அது தவறு என்றது. தாயின் அந்த இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு யார் விடை சொல்வது? வல்லுநர் தரும் சான்றுக்குப் பதிப்பு மாறும் வரையே ஆயுள்.

386 மடல்கள்

அமெரிக்கச் செயலகம் தொடங்கிய அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் வேறொரு முயற்சி நடந்தது. அங்கே 1883-இல் தோன்றிய கூட்டுறவுப் பெண்கள் சங்கம், தொழிலாளர் குடும்பத்துப் பெண்களின் அமைப்பு. 1914 அளவில் அதன் உறுப்பினர் தொகை 32,000-ஐத் தொட்டிருந்தது. 1889 முதல் 1921 வரை அதன் பொதுச் செயலாளராக இருந்தவர் மார்கரெட் லெவெலின் டேவிஸ். அவரும் மணமாகாதவர்.

1911-ஆம் ஆண்டுத் தேசியக் காப்புறுதிச் சட்டம் 30 ஷில்லிங் மகப்பேற்று உதவித்தொகையை ஏற்படுத்தியது. ஆனால் அது கணவன் கையில் போயிற்று. அதனைத் தாய்க்கே உரிய பணமாக்கவேண்டும் என்று சங்கம் போராடி, 1913-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வெற்றியும் கண்டது. தொடர்ந்து, தாய்சேய் நலனுக்கு அரசு மேலும் செய்யவேண்டியவற்றை நிறுவ லெவெலின் டேவிஸ் சங்கத்துப் பெண்களிடம் ஒன்று கேட்டார்: உங்கள் கருக்காலமும் பேறுகாலமும் எப்படிக் கழிந்தன என்று எழுதுங்கள்.

386 மடல்கள் வந்தன. அவற்றுள் 160 மடல்கள் 1915-இல் நூலாயின. பெயர்கள் நீக்கப்பெற்றன. ஒவ்வொரு மடலின் அடியிலும் கணவனின் வாரக் கூலி, பிறந்த குழந்தைகள், இறந்து பிறந்தவை, கருச்சிதைவுகள் ஆகிய எண்கள் மட்டும் தரப்பெற்றன. பெயரில்லை, எண் உண்டு. ஆனாலும் அந்நூலைப் படிப்போர் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே கேட்கமுடியும். வலி வரும் வரை வேலை செய்ததும், பிள்ளை பெற்ற சில நாளில் மீண்டும் துணி துவைக்க எழுந்ததும், கணவன் உண்ணட்டும் என்று தான் உண்ணாமல் விட்டதும் அவற்றில் வருகின்றன. உடலைப் பற்றி எவரும் எதையும் சொல்லித்தராத அறியாமையும் பக்கத்துக்குப் பக்கம் தென்படுகிறது.

இங்கே நிகழ்ந்தது நுட்பமானது. இப்பெண்கள் எவரிடமும் சான்று கேட்கவில்லை. அவர்களிடம்தான் சான்று கேட்கப்பட்டது. தன் துன்பம் தன் குறை என்று எண்ணி வாய்மூடியிருந்த ஒருத்தி, அச்சான நூலில் தன் மடலுக்கு முன்னும் பின்னும் அதே கதை வேறு கையெழுத்தில் இருந்ததைக் கண்டாள். ஒருத்தியின் துன்பம் தனிக்குறை. நூற்றுக்கணக்கானோரின் துன்பம் பொதுக்குறை. தாய்சேய் நலச் சட்டம் 1918-இல் வந்தது. அதற்குப் பின்னே பல கைகள் உண்டு. இம்மடல்களை எழுதிய கைகளும் அவற்றுள் அடங்கும்.

இதனைச் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது: இப்பெண்களுக்கு முதலில் தேவைப்பட்டது ஆறுதல் அன்று. பணமும், மருத்துவச்சியும், ஓய்வும். வயோமிங்கிலிருந்து எழுதியவளுக்கும் அப்படியே. "நீ நல்ல தாய்" என்ற சொல்லால் 65 மைலைக் குறைக்க இயலாது.

கடிகாரமும் குழந்தையும்

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்களை ஆண்டது கடிகாரம். நியூசிலாந்தில் 1907-இல் பிளங்கெட் சங்கத்தைத் தோற்றுவித்த மருத்துவர் ட்ரூபி கிங்கின் முறை இலண்டனில் வேரூன்றியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பால், இரவில் பாலில்லை, நல்ல காற்று, குறைந்த கொஞ்சல். அவருடைய முயற்சிகளால் குழந்தைகளின் உயிர் காக்கப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நள்ளிரவில் பசித்து அழும் குழந்தையின் அறைக்கு வெளியே நின்று அழுத தாய்மாரும் அந்நாள் வரலாற்றுக்கு உரியவர்களே. அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1928-இல் எழுதிய நூல் இன்னும் ஒரு படி மேலே போய், குழந்தையை முத்தமிடுவதையே தவிர்க்கச் சொன்னது.

இச்சூழலில்தான் 'நர்சரி வேர்ல்ட்' என்ற வார இதழ் 1925-இல் தொடங்கியது. தாய்மாருக்கும் செவிலியருக்குமான இதழ் அது. அதில் 1929 முதல் 1936 வரை 'உர்சுலா வைஸ்' என்ற பெயரில் ஒருவர் பெற்றோரின் மடல்களுக்கு விடை எழுதிவந்தார். அது புனைபெயர். எழுதியவர் கேம்பிரிட்ஜில் மால்டிங் ஹவுஸ் பள்ளியை 1924 முதல் சில ஆண்டுகள் நடத்திய உளவியல் அறிஞர் சூசன் ஐசக்ஸ். அவருக்கும் குழந்தைகள் இல்லை. லேத்ரொப், லெவெலின் டேவிஸ், ஐசக்ஸ் என மடல்களைக் கேட்டறிந்த மூவருமே தாயாகாதவர்கள் என்பது குறிக்கத்தக்கது. கேட்கும் பண்புக்குப் பிள்ளைப்பேறு தகுதி அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஐசக்ஸ் அம்மையாரின் விடைகளில் கடுமை குறைவு. குழந்தையின் அடமும் அச்சமும் கோபமும் வளர்ச்சியின் பகுதிகள் என்று அவர் விளக்கினார். தண்டனைக்கு விரையும் கையைத் தடுத்தார். ஆயினும் வல்லுநர் பக்கத்தில் ஒரு வரம்பு உண்டு. கேட்பவள் கீழே நிற்கிறாள். சொல்பவர் மேலே நிற்கிறார். "இப்படிச் செய்" என்ற விடை அங்கே கிடைக்கும். "எனக்கும் இப்படித்தான் ஆயிற்று" என்ற விடை கிடைக்காது. அதே இதழின் வேறொரு பக்கத்தில், வாசகியர் வாசகியருக்கு எழுதிக்கொண்ட மடல்களில், அந்த இரண்டாம் விடை காத்திருந்தது.

ஒரே ஒரு படி

1935-இல் அப்பக்கத்தில் ஒரு மடல் வெளிவந்தது. எழுதியவள் அயர்லாந்தில் வாழ்ந்த இளந்தாய். 'யுபீக்வே' என்று கையொப்பமிட்டிருந்தாள். இலத்தீன் மொழியில் 'எங்கெங்கும்' என்பது பொருள். எங்கும் போகவியலாதவள் தனக்கு இட்டுக்கொண்ட பெயர் அது. அக்கம்பக்கத்தில் பேச ஆளில்லை. வானொலிப் பெட்டி வாங்கப் பணமில்லை. படிக்க ஆசையுண்டு, நூலகம் இல்லை. பகலெல்லாம் குழந்தைகளோடும் வீட்டு வேலையோடும் கழிகிறது. அவர்கள் உறங்கிய பின் வரும் தனிமையில் மனம் பழையவற்றையே சுற்றிச்சுற்றி வருகிறது. செலவில்லாமல் மனத்தை ஈடுபடுத்த ஒரு வழி சொல்ல எந்தத் தாயாலாவது இயலுமா என்று அவள் கேட்டிருந்தாள்.

குழந்தை வளர்ப்பு பற்றிய ஐயம் ஒன்றுகூட அம்மடலில் இல்லை என்பதை நோக்கவேண்டும். அவளுக்கு வேண்டியது அறிவுரை அன்று. தானும் ஓர் ஆள் என்பதை எவரேனும் ஒப்புக்கொள்ளவேண்டும், அவ்வளவே.

நாட்டின் பல மூலைகளிலிருந்தும் தாய்மார் மறுமொழி எழுதினர். தாங்களும் அவ்வாறே உள்ளதாகச் சொன்னார்கள். அவர்களுள் பலர் கல்வி கற்றவர்கள். அந்நாளில் இங்கிலாந்தில் ஆசிரியைகளும் அரசுப் பணியாளர்களும் மணமானதும் வேலையை விடவேண்டும் என்ற விதி பரவலாக இருந்தது. ஆசிரியைகளுக்கு 1944-இலும் அரசுப் பணியாளர்களுக்கு 1946-இலும்தான் அத்தடை நீங்கியது. படித்த படிப்பு அடுப்பங்கரையில் அடைபட்டுக் கிடந்த பெண்கள் அவர்கள். ஒருவருக்கொருவர் தனித்தனியே மடல் எழுதுவதைவிட ஒரு தனிச்சுற்று இதழ் நடத்தலாம் என்று முடிவாயிற்று. 'கூட்டுறவுக் கடிதக் கழகம்' என்பது அதன் பெயர்.

அது நடந்த முறை, கையெழுத்து இதழ் மரபை அறிந்த நமக்குப் பழகிய முறையே. ஒவ்வொருத்தியும் தன் கட்டுரையை எழுதி ஆசிரியைக்கு அனுப்புவாள். ஆசிரியை அவற்றை அடுக்கி, பூத்தையல் இட்ட துணி உறைக்குள் கட்டி முதல் உறுப்பினருக்கு அஞ்சலில் அனுப்புவார். அவர் படித்து அடுத்தவருக்கு, அவர் அவருக்கடுத்தவருக்கு. மாதம் இருமுறை இச்சுற்று. அச்சில்லை, விற்பனையில்லை. இதழுக்கு ஒரே ஒரு படிதான் உண்டு. உறுப்பினர் எண்ணிக்கை 20-ஐச் சற்றே தாண்டியது. தாயாக இருப்பது ஒன்றே நுழைவுத் தகுதி, புனைபெயர் கட்டாயம். விண்மீன்களை நோக்கி என்று பொருள்படும் 'ஆட் அஸ்ட்ரா' என்பது நெடுங்காலம் ஆசிரியையாக இருந்தவர் பெயர். பருத்தித் துணிகள் என்று பொருள்படும் 'காட்டன் குட்ஸ்' என்பது நெசவாலை நாடான லங்காஷயரைச் சேர்ந்த ஒருவர் பெயர். 'எலெக்ட்ரா' என்ற பெயரில் எழுதிய ரோஸ் ஹேக்கர் பிற்காலத்தில் மணவாழ்க்கை ஆலோசகராகவும் இலண்டன் மாநகர்ப் பேரவை உறுப்பினராகவும் விளங்கியவர். நூறு வயதில் உள்ளூர்ச் செய்தித்தாளில் பத்தி எழுதத் தொடங்கி, 2008-இல் மறைந்தவர்.

இதழ் கைமாறும்போது ஒவ்வொருத்தியும் கட்டுரைகளின் ஓரத்தில் தன் கருத்தை எழுதினாள். அந்த ஓரக் குறிப்புகளே கழகத்தின் உயிர். ஒருத்தி தன் பேறுகால அனுபவத்தை எழுதினால், ஓரத்தில் இன்னொருத்தியின் அனுபவம் முளைக்கும். பாராட்டு மட்டும் அன்று, மறுப்பும் உண்டு. சமயத்தாலும் வர்க்கத்தாலும் அரசியலாலும் வேறுபட்டவர்கள் அவர்கள். பிள்ளைகளைக் கண்டிப்பது பற்றியும், போர் பற்றியும், பெண் வேலைக்குப் போவது பற்றியும் முரண்பட்டார்கள். முரண்பட்டவர் எழுதியதும் அதே துணி உறைக்குள்தான் அடுத்த சுற்றிலும் வந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. குண்டுவீச்சும் பங்கீட்டு அட்டையும் வந்தன. கணவன்மார் களம் போயினர். இதழ் நிற்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்தனர், மண முறிவுகள் நேர்ந்தன, சிலர் மீண்டும் வேலைக்குச் சென்றனர். ஆண்டுக்கொருமுறை நேரிற் கூடும் வழக்கமும் உண்டாயிற்று. கைக்குழந்தை பற்றி எழுதத் தொடங்கியவர்கள் பேரக்குழந்தை பற்றி எழுதினர். பின் கணவரின் மறைவு பற்றியும் தம் நோய் பற்றியும் எழுதினர். 1990-இல் இதழ் நின்றது. 55 ஆண்டுகள்! எஞ்சிய ஏடுகள் சசெக்ஸ் பல்கலைக்கழகத்து 'மாஸ் அப்சர்வேஷன்' ஆவணக் காப்பகத்தில் சேர்ந்தன. அங்கே அவற்றைக் கண்டெடுத்த ஆய்வு மாணவி ஜென்னா பெய்லி, 2007-இல் அவற்றைக் கொண்டு ஒரு நூல் வெளியிட்டார். யுபீக்வேயின் கேள்வியே அந்நூலுக்குத் தலைப்பாயிற்று.

ஒப்புதல் என்பது யாது?

மூன்று தொகுதிகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு ஒருவாறு விடை கிடைக்கிறது.

அயலாரிடம் ஒப்புதல் கேட்பது தாயின் தன்னம்பிக்கைக் குறைவு என்பது மேலோட்டமான பார்வை. வீட்டார் இவ்வழக்கில் நடுநிலையாளர் அல்லர். கணவனும் மாமியாரும் தாயும் அக்குழந்தையின் மேல் உரிமையுடையவர்கள். ஆகவே அவர்கள் சொல்லும் "சரி"யிலும் "தவறு"விலும் அவரவர் வழக்கு கலந்திருக்கும். வல்லுநர் நடுநிலையாளர்தான், ஆனால் அவர் விதிக்குச் சான்று சொல்பவர், இவளுக்கு அல்ல. விதி மாறினால் சான்றும் போயிற்று. டாக்டர் ஸ்பாக் 1946-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் தாயின் இயல்புணர்வை நம்பச் சொன்னார். உன்னை நம்பு என்பதையும் ஒரு மருத்துவர் சொல்லித்தான் அவள் கேட்கவேண்டியிருந்தது! எஞ்சியிருப்பவள் முகமறியாத இன்னொரு தாய். அவளுக்கு இக்குழந்தையில் உரிமையில்லை, காக்கவேண்டிய விதியுமில்லை. ஆகவே அவள் சொல்லுக்கு ஓர் எடை இருக்கிறது.

ஆனால் இதே காரணத்தால் அச்சொல் இலேசானதாகவும் ஆகிவிடக் கூடும். பொறுப்பில்லாதவர் தரும் பாராட்டு மலிவானது; பொறுப்பில்லாதவர் தரும் கண்டனம் கொடியது. ஒருநாள் வந்து "சபாஷ்" என்று சொல்லிப் போகிறவரிடமும், "சீ" என்று சொல்லிப் போகிறவரிடமும் ஒரு தாய் தன் மதிப்பைக் கொடுத்துவைப்பது இடர் நிறைந்தது. ஏளனம் செய்வோர் பக்கத்தில் இவ்வளவு உண்மை உண்டு.

கடிதக் கழகத்துப் பெண்கள் இந்த இடரைக் கடந்தது எவ்வாறு? ஒரே ஒரு படியாக வந்த இதழைப் படித்தவள் அதனை வைத்துக்கொள்ள இயலாது, அடுத்தவள் காத்திருக்கிறாள். படித்தவள் எழுதியாகவேண்டும், இல்லையேல் உறை மெலிந்துபோகும். ஓரத்தில் கருத்துச் சொன்னவள், அடுத்த சுற்றில் தன் கட்டுரையின் ஓரத்தை மற்றவர்க்குத் திறந்துவைக்கவேண்டும். தீர்ப்புச் சொல்பவளே தீர்ப்புக்கு உட்படுபவளாகவும் இருந்தாள். சொன்ன பின் போய்விடவும் இல்லை. அயலாராகத் தொடங்கியவர்கள் 55 ஆண்டுகள் இருந்தார்கள். யுபீக்வேயின் மடலுக்கு உண்மையான விடை, முதல் வாரத்தில் வந்த மறுமொழிகள் அல்ல. அதன் பிறகு தொடர்ந்து வந்துகொண்டிருந்த அந்தத் துணி உறைதான்.

எனவே அயலாரின் ஒப்புதலை நாடுவது இழிவு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒப்புதல் தருகிறவர் எதை ஈடாக வைக்கிறார் என்று மட்டும் பார்க்கவேண்டும் என்பேன். தம் காலத்தையும் தம் கதையையும் வைப்பவரின் சொல் நிற்கும். ஏதும் வையாதவரின் சொல் பறக்கும்.

இதனைக் கவிஞர்களுக்கு விரித்துரைக்கவேண்டியதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் நாம் முதன்முறை கூடியபோது, ஒருவர் கவிதையை மற்றவர் கேட்கப் போதிய பழக்கம்கூட நமக்குள் இல்லை. கைதட்டினோம், அது மரியாதை. பின்னர் மெல்ல மெல்லக் கையெழுத்துப் படிகளின் ஓரத்தில் எழுதத் தொடங்கினோம், அது நட்பு. "இந்த அடி வேண்டாம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் மனம் வருந்தி, மறு கூட்டத்துக்கும் வந்தபோதுதான் இது வட்டமாயிற்று.

இம்மலரைப் புரட்டும் உறுப்பினர் இல்லங்களிலும் இளந்தாய்மார் இருப்பர். அவர்களுள் ஒருத்தி, குழந்தை உறங்கிய பின், முகமறியாத எவருக்கோ தன் ஐயத்தை எழுதிக்கொண்டிருக்கக் கண்டால் நகையாதிருப்போமாக. நம் முதற் கவிதையை அனுப்பிவிட்டு நாம் காத்திருந்த அதே திண்ணையில்தான் அவளும் அமர்ந்திருக்கிறாள். இயலுமானால் அருகில் அமர்ந்து, அவள் கேட்கும் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்போம். பத்தாண்டு கண்ட நம் வட்டம் அடுத்த பத்தாண்டுகளிலும் ஒருவருக்கொருவர் ஓரக் குறிப்பு எழுதும் உரிமையோடு வாழ்க.